பதினான்காம் துளை

லியெபாயா மருத்துவமனையின் அடித்தளத்தில்
இரவு ஒன்றிலிருந்து நான்கு வரை என் கையில்.
அதற்குள் முடிக்காவிட்டால் காலை ஏழுக்கு
எக்ஸ்ரே அறை வாசலில் ஊரே நின்று
என் பெயரைச் சொல்லும்.

மேலே பால்டிக் காற்று ஜன்னல்களை உலுக்குகிறதாம்,
காவலாளி சொன்னார்.
இங்கே விசிறிகளின் காற்று மட்டும்.
அதற்கு மாசி ஏது, ஆடி ஏது.

புதிய சர்வர்கள் இரண்டு.
இரண்டுக்கும் பொதுவாக ஒரு வட்டுப் பெட்டி.
ஒரே உறையில் இரண்டு வாள் கூடாது என்பார்கள்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்:
ஒன்று எழுதுகையில் மற்றது கை கட்டி நிற்க
ஒரு பூட்டு,
நீ இருக்கிறாயா, இருக்கிறேன் என்று
நொடிக்கொரு தரம் விசாரித்துக்கொள்ள ஒரு கம்பி.

பாதையும் இரண்டு. நீலக் கேபிள், சாம்பல் கேபிள்.
ஒன்றை எலி கடித்தால் மற்றது தாங்கும்.
வார்டுகளின் பேச்சு ஒரு விலானில்,
வட்டின் பேச்சு முப்பதாம் விலானில்.
அது பேசுவது இதன் காதில் விழக்கூடாது.

எல்லா விளக்கும் பச்சை.
இருந்தும் வட்டு ஏறவில்லை.
கைகுலுக்குகிறது, பெயர் சொல்கிறது,
முதல் பெரிய கோப்பை நீட்டியதும்
கல்லாய்ச் சமைந்துவிடுகிறது.

பிங் அனுப்பினேன். பதில் வந்தது.
இன்னொன்று. வந்தது.
நலமா, நலம். நலமா, நலம்.
அறுபத்துநான்கு பைட்டில்
யாரும் நலமாகத்தான் இருப்பார்கள்.

எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு பைட்டை
ஒரே மூட்டையாகக் கட்டி
வழியில் பிரிக்காதே என்று எழுதி அனுப்பினேன்.
போனது.
போனது போனதுதான்.
பிழை என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.
நடுவில் ஏதோ ஒரு வாசல் குறுகல்;
மூட்டையைக் கீழே போட்டுவிட்டு
வாயை மூடிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு பத்துக்கு ஓயார்ஸை எழுப்பினேன்.
சுவிட்சுகள் அவன் பொறுப்பு.
"ஒன்பதாயிரம் போடச் சொன்னேனே, போட்டாயா?"
"போட்டேன், விஸ்மா."
"எல்லாத் துளையிலும்?"
"உன் பட்டியலில் இருந்த எல்லாத் துளையிலும்."
பின்னால் அவன் நாய் குரைத்தது.
அதன்பின் நான் சொன்னதை
இங்கே எழுத மாட்டேன்.
அரைகுறை என்ற சொல் அதில் இருந்தது.
அவன் கொட்டாவி மாதிரி ஒரு மூச்சு விட்டான்,
அவ்வளவுதான்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டேன்.
பதினான்காம் துளை. சாம்பல் கேபிள்.
அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் ஒட்டு:
1500. ஸ்கேன் இயந்திரத்துக்காக. மாற்றாதே.

அந்த இயந்திரம் செத்து மூன்று வருடம்.
கையெழுத்து என்னுடையது.

எண்ணை மாற்றினேன்.
மூட்டை போய்ச் சேர்ந்தது, கட்டு அவிழாமல்.

பிறகு பிரசவப் பதிவேட்டை நகர்த்தினேன்,
அது ஓடிக்கொண்டிருக்கும்போதே.
கூடு விட்டுக் கூடு பாய்தல்.
வட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்,
நினைவு மட்டும் பக்கம் பக்கமாகக் கடக்கும்,
கடந்த பக்கத்தில் யாராவது மறுபடி எழுதினால்
மறுபடி கடக்கும்.
கடைசியில் ஓர் இமைப்பொழுது
அது அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

அந்தப் பொழுதில்தான்
மூன்றாம் மாடியில் செவிலி அக்னெசே
ஓர் எடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
மூன்று, ஒன்று, நான்கு,
பூஜ்யம் சற்றே நின்று விழுந்தது.
கீபோர்டு ஒட்டுகிறது என்று அவள் திட்டியதாக
மறுநாள் கேள்விப்பட்டேன்.
மூவாயிரத்து நூற்று நாற்பது கிராம். பெண்.
ஒரே எண்ணின் முன்பாதி ஓர் இரும்பில்,
வால் வேறோர் இரும்பில்.

நான்கடிக்க ஐந்து நிமிடம்.
மஞ்சள் ஒட்டை நகத்தால் சுரண்டினேன்,
முழுதாக வரவில்லை,
'மாற்றாதே' மட்டும் தங்கிவிட்டது.
ஓயார்ஸுக்கு எழுதினேன்:
"பதினாலு. நான்தான்."
அதற்கு மேல் நீளமாக ஒன்று எழுதி, அழித்தேன்.

பதிலுக்கு ஒரு படம் வந்தது.
இருட்டில் நாயின் இரண்டு கண்கள்,
பச்சையாக.